பெயர் வெட்டிய டப்பா

கை நிறைய நுரை. நாலு அடுக்குக் கேரியரை நாரால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது அடுக்கின் விளிம்பில் புளிக்குழம்பு காய்ந்துபோய் ஒட்டியிருக்கிறது, விடவே மாட்டேன் என்கிறது. இந்தக் கேரியரை எப்போது கையில் எடுத்தாலும் எனக்குத் தளவாய் அண்ணாச்சி ஞாபகம்தான் வரும்.

நான் சமைக்கிற இடம் ஒரு கேட்கும் நூலகம். பார்வை இல்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிந்து வைக்கிறார்கள். பல ஊர்களில் இருக்கிறவர்கள் வீட்டிலிருந்தே வாசித்து அனுப்புவார்கள். சிலர் நேரில் வந்தும் வாசிப்பார்கள். அந்தக் குரல்களை எல்லாம் முன்னறையில் இருக்கிற சர்வர் என்கிற கணினி வாங்கி வைத்துக்கொள்ளும். கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும்.

சர்வரைப் பார்த்துக்கொள்வது அமலி டீச்சர். என்னைவிட மூன்று வயசுதான் கூட. தளவாய் அண்ணாச்சி அவரிடம் பாடம் கேட்க வந்த சீடர். அண்ணாச்சிக்கு அறுபது முடிந்துவிட்டது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருசம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மனு வாங்கியவர்.

சர்வரிடம் வாயால் பேச முடியாது. எழுதித்தான் கேட்க வேண்டும். அந்த எழுத்துக்கு எக்ஸ்எம்எல் என்று பெயராம்; ஒரு சொல்லைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, பிறகு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வர வேண்டுமாம். அண்ணாச்சி அதை மனு என்பார். "இந்தக் குரலை வாங்கிக்கொள்", "இதன் தலைப்பு இது", "உன்னிடம் என்னென்ன இருக்கிறது, சொல்" எல்லாமே மனுதான். வருகிற மனுவைப் படித்துப் பதில் எழுதுகிற பகுதியைச் செய்யச் சொல்லி டீச்சர் அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தார்.

முதல் நாள் அவர் கேட்டார்.

"ஒரு மனுவை எப்படிப் படிக்கணும் டீச்சர்?"

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்லை."

"அந்தக் கேரியரைத் திறந்து சாப்பிடுங்க."

அண்ணாச்சி கொக்கியை விடுவித்தார். மேல் அடுக்கை எடுத்தார். அதற்குக் கீழே இருந்ததை எடுத்தார். இப்படியே நாலையும் பரப்பி வைத்துச் சாப்பிட்டு முடித்தார். 

"இப்ப மூடுங்க" என்றார் டீச்சர்.

அவர் கைக்கு வந்ததை வந்தபடி அடுக்கினார். கொக்கி ஏறவில்லை. இழுத்துப் பார்த்தார். ஒரு குத்துக் குத்திப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நெளிச்சிராதீங்க" என்றேன் நான்.

டீச்சர் சிரித்தார். "எதைக் கடைசியாத் திறந்தீங்களோ அதை முதல்ல வைங்க."

வைத்தார். கொக்கி சத்தமில்லாமல் ஏறியது. கொஞ்ச நேரம் அந்தக் கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார்.

இரண்டு வாரத்தில் எழுதி முடித்துவிட்டார். அதைச் சர்வரில் பூட்டிய அன்றைக்கே போன் அடிக்க ஆரம்பித்தது. திருச்செந்தூரிலிருந்து ஓர் அம்மா, சாத்தூரிலிருந்து ஒரு வாத்தியார், இன்னும் நாலைந்து பேர். எல்லோருக்கும் ஒரே புகார். அனுப்பினால் சர்வர் வாங்க மாட்டேன் என்கிறது.

டீச்சர் கேட்டார். "என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

"முறைப்படிதான் செஞ்சேன். மனுவில என்னென்ன இருக்கணும்னு நம்மகிட்ட பட்டியல் இருக்கு. அதுல இல்லாத ஒரு சொல் இருந்தாலும் மனுவைத் திருப்பிருவேன்."

"திருப்பிருவீங்களா?"

"எவனெவனோ செஞ்ச போனு. ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்கு எதையாவது சேர்த்து எழுதுது. நான் கேட்கவே இல்லையே அதை! எதுக்கு எழுதணும்?"

"முப்பத்தொரு வருசம் இப்படித்தான் திருப்பினீங்களா?"

"யாராவது நெஞ்சுல கைய வச்சுச் சொல்லட்டும், என் ஜன்னல்ல ஒரு தப்பு மனு உள்ளே போனதுண்டான்னு."

"சர்வரையே ஜன்னலாக்கிட்டீங்க அண்ணாச்சி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அடைக்கிறது ஒண்ணுதான் பாக்கி."

நான் அடுப்படியில் சிரித்துவிட்டேன். அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஏ பேச்சி, உனக்கென்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லை அண்ணாச்சி. உளுந்து ஊறப் போடுதேன்."

அன்று சாயங்காலமே அவர் மாற்றி எழுதினார். புரியாத சொல் இருந்தால் மனுவைத் திருப்புவதில்லை. புரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு புரியாததைக் குப்பையில் போடுவது. அதோடு போன் அடிப்பது நின்றது. ஆனாலும் டீச்சர் முகம் தெளியவில்லை. அண்ணாச்சிக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டார்.

"டீச்சர், எனக்குப் புரியாததை நான் வேற என்னதான் செய்யணும்ங்கீங்க?"

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பேச்சி, மேல்தட்டுல ஒரு டப்பா இருக்குமே, அதை எடு."

எடுத்துக் கொடுத்தேன். அரைப்படி கொள்கிற எவர்சில்வர் டப்பா. மூடியில் 'ம.வே.' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். அதற்குக் கீழே சின்னதாக ஒரு மீன்.

"இது யாருது?"

"தெரியாது டீச்சர். வாசிக்க வந்தவங்க யாரோ பணியாரம் கொண்டுவந்து கொடுத்துட்டு மறந்துட்டுப் போயிட்டாங்க."

"எவ்வளவு நாளா இருக்கு?"

"மூணு வருசம் இருக்கும். என் பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடி."

"ம.வே. யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"மீன் எதுக்கு?"

"அதுவும் தெரியாது. அவங்க வீட்டுல ஏதாவது வழக்கமா இருக்கும்."

"தேய்க்கிறியா?"

"மாசத்துக்கு ஒருக்கா தேய்ச்சு, வெயில்ல காயவச்சு வைப்பேன்."

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "யாருதுன்னே தெரியாத டப்பாவை மூணு வருசமாத் தேய்க்கியா? பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டா ஒரு வடிகட்டியாவது கிடைக்குமே. இல்லை, அந்தப் பேரைத் தேய்ச்சு எடுத்துட்டு மஞ்சப்பொடியைப் போட்டு வை."

எனக்கு அவர் சொன்னதே விளங்கவில்லை.

"பேரு வெட்டியிருக்கே அண்ணாச்சி" என்றேன்.

டீச்சர் டப்பாவை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நல்லா மூடி வை பேச்சி" என்றார். அவ்வளவுதான். முன்னறைக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். "நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே" என்றார்.

நான் உளுந்து அரைக்கப் போய்விட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் முழுவதும் அவர் கணினி விசையை ஓங்கி ஓங்கித் தட்டுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. என்ன எழுதினார் என்று அவரும் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை.

இது நடந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் கற்பகவல்லியிடமிருந்து போன் வந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளை. ஆசிரியர் வேலைக்குப் பரீட்சை எழுதுகிறாள். இதற்கு முன்னால் இரண்டு தடவை எழுதி ஒன்றிரண்டு மார்க்கில் போய்விட்டது. வயசு வரம்பு முடிவதால் இதுதான் கடைசித் தடவை. திங்கட்கிழமை பரீட்சை.

டீச்சர் போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"அக்கா, உளவியல் புத்தகம் நேத்துத்தான் எடுத்தேன். கலைஞ்சு கிடக்குக்கா. மூணாம் பாடம் பாதியில ஏழாம் பாடம் வருது. அது முடியாம முதல் பாடம் வருது. எது முன்னாடி எது பின்னாடின்னே தெரியலை. நீங்க ஒருக்காக் கேட்டுப் பாருங்களேன்."

கேட்டுப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரிதான். அருப்புக்கோட்டையில் சந்தனமாரி என்று ஒரு பெண் வாசித்த புத்தகம். கைப்பிள்ளைக்காரி. பிள்ளை தூங்குகிற நேரத்தில் இரண்டு நிமிசம், மூன்று நிமிசம் என்று போனில் பதிந்து, மொத்தத்தையும் போன மாசம் ஒரே நாளில் அனுப்பியிருக்கிறாள். நானூற்றுப் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொன்றுக்கும் போன் தானாக வைத்த பெயர் ஏதோ கன்னாபின்னா எழுத்து. தேதியும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

டீச்சர் சந்தனமாரிக்குப் போன் போட்டார்.

"அய்யோ, போன் நிறைஞ்சுபோச்சுன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேனே. அனுப்பும்போது என் போன்ல வரிசையாத்தான் இருந்துச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு அதுவே போட்டுக்கிடும்."

"புத்தகம் இருக்கா?"

"எங்க ஊர் நூலகத்துப் புத்தகம். திருப்பிக் கொடுத்தாச்சு. இப்ப யார் வீட்டுல இருக்கோ."

டீச்சர் போனை வைத்தார். அண்ணாச்சி பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு, ரெண்டுன்னு அந்தப் போன் ஒவ்வொரு மனுவிலயும் எழுதித்தான் அனுப்பியிருக்கும். நம்ம பட்டியல்ல இல்லாத சொல்லு. புரியாததை என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

அண்ணாச்சி முகம் வெளுத்துவிட்டது.   புரியாததைக் குப்பையில் போடுகிற மாதிரி அவர் அன்றைக்கு மாற்றி எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு துண்டு. அந்தப் பிள்ளை திங்கட்கிழமைக்குள் எதைப் படிப்பாள்?

"சொல்லுங்க."

"கோபத்துல ஒண்ணு செஞ்சேன் டீச்சர்."

"என்ன?"

"டப்பா எல்லாம் காட்டினீங்கள்ல. சரி, புரியாத அத்தனையையும் வச்சுக்கிடுவோம்னு ஒரு அலமாரி மாதிரி எழுதினேன். என்னன்னு பார்க்காம, ஒரு புள்ளிகூட மாத்தாம, வந்தது வந்தபடி உள்ள போட்டேன். ஒருநாள் நிறைஞ்சு சர்வரே மூச்சு முட்டி நிக்கும். அன்னைக்கு உங்களைக் கூப்பிட்டு, பார்த்தீங்களா குப்பையைச் சேர்த்தா என்ன ஆகும்னு காட்டலாம்னு இருந்தேன்."

"நிறைஞ்சுதா?"

"எங்க நிறைஞ்சது! கால்வாசிகூட ஆகலை."

டீச்சர் அப்போதுதான் மூச்சு விட்டார். நானும்தான்.

"அந்த அலமாரிக்குப் பேரு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"பேச்சி டப்பா."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"கேளுங்க அண்ணாச்சி. மனு எழுதுங்க."

"என்னன்னு கேட்க? உள்ள இருக்கிற சொல்லு எதுன்னே எனக்குத் தெரியாதே."

"உன்கிட்ட என்னென்ன பேருல இருக்குன்னு மட்டும் கேளுங்க. பேரு தெரிஞ்சா போதும்."

அவர் எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் திறந்து, கடைசியாகத் திறந்ததை முதலில் மூடி, கேரியர் அடுக்குகிற மாதிரியே எழுதினார். பதில் வந்தது. தலைப்பு, அளவு, தேதி. அதற்குக் கீழே ஏதோ ஒரு பாஷையில் ஒரு சொல். அதற்கு முன்னால் நீளமாக ஒரு முகவரி.

"இதுதான் போல" என்று அந்தச் சொல்லை மட்டும் எழுதிக் கேட்டார்.

இல்லை என்று வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தடவை. இல்லை, இல்லை, இல்லை.

அண்ணாச்சி டீச்சர் பக்கம் திரும்பினார். "இப்பத்தானே இருக்குன்னு சொல்லுச்சு?"

"யார் வீட்டுச் சொல்லுன்னு சொன்னீங்களா?"

அவர் யோசித்தார். சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பி மேல்தட்டைப் பார்த்தார். அந்தச் சொல் யாருடையது என்று காட்டுகிற அந்த நீள முகவரியை ஓர் எழுத்து விடாமல் சொல்லோடு சேர்த்து எழுதினார்.

திரை மளமளவென்று ஓடியது. முப்பத்தேழு. இருநூற்றுப் பன்னிரண்டு. ஐந்து. நூற்று எண்பது. எல்லாம் எண்கள்.

"இருக்கு" என்றார் அண்ணாச்சி.  "டீச்சர், இருக்கு."

ஆனால் கடைசியில் இரண்டு 'இல்லை' நின்றது. நானூற்றுப் பத்துக்கு எண் இருந்தது. இரண்டு துண்டுக்கு இல்லை.

"ரெண்டு குறையுதே" என்றார். முகம் மறுபடியும் தொங்கிப்போனது. "அப்ப மொத்த மனுவும் செல்லாதே."

"பந்தியில ரெண்டு பேரு வரலைன்னா உட்கார்ந்தவங்களை எழுப்பிருவீங்களா?"

"அதில்லை..."

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் பதில் வந்திருக்கு அண்ணாச்சி. இருக்கிறதை இருக்குன்னு சொல்லியிருக்கு. இல்லாததை இல்லைன்னு சொல்லியிருக்கு. வேற என்ன வேணும்?"

வரிசையில் அடுக்கினார்கள். நடுவில் இரண்டே இரண்டு இடம் காலி. ஐம்பத்தெட்டும் முந்நூற்று ஒன்றும். எந்தத் துண்டு எந்த இடத்துக்கு?

டீச்சர் காதில் மாட்டுவதை என்னிடம் நீட்டினார். "பேச்சி, நீ கேளு."

"எனக்கு இந்தப் பாடமெல்லாம் விளங்காதே டீச்சர்."

"பாடத்தைக் கேட்காத. அந்தப் பொண்ணைக் கேளு."

கேட்டேன். ஐம்பத்தேழு முடிகிற இடத்தில் சந்தனமாரி வாசித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று "அய்யோ" என்கிறாள். அதோடு நின்றுவிடுகிறது. எண் இல்லாத துண்டு ஒன்றைப் போட்டார்கள். மூச்சு வாங்குகிற சத்தம். கரண்டி எங்கோ விழுகிறது. பிறகு அவள் மெதுவாகச் சொல்கிறாள், "பால் பொங்கிருச்சு, மன்னிச்சுக்கோங்க." அப்புறம் பாடம் தொடங்குகிறது.

"இதுதான் டீச்சர்" என்றேன். "பாதியில போட்டுட்டு ஓடி, திரும்பி வந்து அவசரத்துல பதிஞ்சிருக்கா. அதான் போன் எண் போடலை போல."

இன்னொன்றும் அப்படித்தான். தூளியில் பிள்ளை சிணுங்குகிறது. அவள் தாலாட்டையும் பாடத்தையும் ஒரே மூச்சில் சேர்த்து வாசித்திருக்கிறாள்.

பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கற்பகவல்லி அங்கே கேட்டுக்கொண்டிருக்க, இங்கே நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி நின்றோம். அவள் தாண்டித் தாண்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அக்கா" என்றாள். "மூணு முடிஞ்சு நாலு வருது."

"வருதா?"

"வருதுக்கா. நாலு முடிஞ்சு அஞ்சு வருது. நடுவுல யாரோ பால் பொங்கிருச்சுங்காங்க."

"அதையும் படிச்சுக்கோ."

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. போனை வைத்த பிறகு அண்ணாச்சி நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் மூன்று பேருக்கும் காப்பி போட்டேன். அன்றைக்கு அவர் சர்க்கரை போதாது என்று சொல்லவில்லை.

பாதிக் காப்பியில் கேட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க."

"அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வரிசைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். அதானே?"

"தெரியாது."

"ஒருநாள் தேவைப்படும்னாவது தெரிஞ்சிருக்கும்."

"அதுவும் தெரியாது."

"ஒண்ணுமே தெரியாமலா என்னை வச்சிருக்கச் சொன்னீங்க?"

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சிருந்தா பட்டியல்ல நானே எழுதியிருப்பேன் அண்ணாச்சி. தெரியாததுனாலதான் வச்சிருக்கச் சொன்னேன்."

அண்ணாச்சியின் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அடுப்படிக்கு வந்தார். மேல்தட்டிலிருந்து ம.வே. டப்பாவை அவரே எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் மூடியைத் துடைத்தார். அந்த மீனைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். திரும்ப எப்படி வைக்க என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பேர் வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள் அண்ணாச்சி என்றேன். அன்றிலிருந்து மாசத்துக்கு ஒருதரம் அதைத் தேய்க்க நான் எடுப்பதற்கு முன்னாலேயே அவர் வந்து எடுத்துத் தேய்த்து வைத்துவிடுவார். இதோ டீச்சர் கூப்பிடுகிறார், முன்னறைத் தூளியிலிருந்து என் பிள்ளை எழுந்துவிட்டாளாம், நான் கையைக் கழுவிவிட்டு, இந்தக் கேரியரைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறேன்.